தொண்ணூற்றாறு துண்டுக் கப்பல்

ஐம்பத்தெட்டாம் துண்டு கீழே விழுந்துவிட்டது.

நெல்மணியில் பாதி அளவு. கப்பலின் மேல்தளத்தில் உயிர்காப்புப் படகைத் தொங்கவிடும் கொக்கி அது. இடுக்கியால் பிடித்தேன், கை நடுங்கியது, சுண்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது. நீங்களும் என் வயதுக்காரர்கள்தானே. தரையில் விழுந்த ஒன்றைத் தேடிக் குனிவது எத்தனை வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கையை மேசையில் ஊன்ற வேண்டும். ஒரு முழங்காலை மடக்க வேண்டும். மற்றதையும் மடக்கினால் எழுந்திருக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். எல்லாம் முடிந்து கீழே போய்ச் சேர்ந்த பிறகு, மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருப்பது ஞாபகம் வரும்.

“என்ன தேடுறீக?” என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

“கொக்கி.”

“இன்னைக்கு இது எத்தனையாவது தடவை?”

நாலாவது தடவை.

“வேலைக்காரம்மா வீட்டைக் கூட்டிட்டுப் போயாச்சு. குப்பையில பாத்துக்கங்க. பேரன் பேத்தி விளையாடுற வயசுல இவுக விளையாடுறாக.”

சிவகங்கையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கோப்புகளைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஓய்வில் என்ன செய்வது என்று தெரியாமல் ஆறு வருஷம் செய்தித்தாளை மூன்று முறை படித்தேன். பிறகுதான் இந்தப் பிளாஸ்டிக் மாதிரிகளைக் கட்ட ஆரம்பித்தேன். இதுவரை இரண்டு விமானம், ஒரு பீரங்கி வண்டி. நாலாவதாக, பெங்களூரில் இருக்கும் மகன் எங்கெங்கோ தேடி, நான் சொன்ன அடையாளங்களை வைத்து, ஒரு கப்பலை வரவழைத்துக் கொடுத்தான். இரண்டு புகைபோக்கி, பதினாறு உயிர்காப்புப் படகு, மொத்தம் தொண்ணூற்றாறு துண்டு. பெட்டிமேல் இருக்கும் படம்தான் வேறு. கப்பல் அதே கப்பல்.

ஆம், இதை நான் இரண்டாம் முறையாகக் கட்டுகிறேன். முதல் முறை கட்டியபோது எனக்குப் பத்து வயது. கை நடுங்கவில்லை, கண் நன்றாகத் தெரிந்தது, முழங்கால் இரண்டும் மடங்கின. அப்படியிருந்தும் அதைச் சரியாகக் கட்டவிடவில்லை. யார் விடவில்லை என்பதைத்தான் சொல்லவந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் எங்கள் வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அப்பச்சி, அதாவது என் அப்பா, பினாங்கில் ஒரு கடையில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். எனக்குப் பத்து வயது ஆவதற்குள் இரண்டு முறை வந்திருந்தார். இரண்டுக்கும் சேர்த்து நூற்றுப் பதினெட்டு நாள். அதில் முதல் அறுபது நாள் எனக்கு நினைவில்லை. ஊரில் என்னைப் பெற்ற ஆத்தா, நான், என் அக்கா. அக்காவுக்குப் பதினேழு வயது, கண்டனூரில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. எங்கள் மூவருக்கும் மேலே பெரியாத்தா. அப்பச்சியின் அண்ணன் மனைவி. பெரிய வீட்டின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது. மொத்தம் இருபத்தொன்பது சாவி. நான் எண்ணியிருக்கிறேன்.

பெரியாத்தாள் கண்ணில் படாமல், எண்ணிப் பார்க்கப்படாமல், எந்தப் பொருளும் அந்த வீட்டுக்குள் வராது. அண்ணன் தம்பிகள் நாலு குடும்பம் ஒரே வீட்டில் தனித்தனி அறையும் தனித்தனி அடுப்புமாக இருந்ததால், யார் கரண்டி எது என்று சண்டை வராமல் இருக்க, கரண்டியில்கூடக் குடும்ப எழுத்தை வெட்டி வைத்திருப்பார்கள். விலாசம் என்போம் அதை. அண்டாவிலும் விலாசம், ஊறுகாய்ச் சாடியின் மூடியிலும் விலாசம். கட்டில் காலைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியிலும் விலாசம்.

பங்குனி மாதம், பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவர் அப்பச்சி கொடுத்ததாக ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தை ஒட்டிய கூடத்தில், பெரியாத்தா அதைத் திறந்தார். அந்த வாசனையை உங்களில் சிலருக்காவது நான் விளக்க வேண்டியதில்லை. சோப்பு, பாச்சை உருண்டை, புதுத் துணி, பிஸ்கட் தகரம் எல்லாம் கலந்து வரும் கப்பல் வாசனை. சீலை ஆறு, துண்டு பன்னிரண்டு, பிஸ்கட் தகரம் நாலு, தலைவலித் தைலம் ஒரு டஜன் என்று அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். அடியில் ஓர் அட்டைப் பெட்டி. நீலக் கடலில் வெள்ளைக் கப்பல் ஒன்று போகும் படம். மேலே அப்பச்சியின் கையெழுத்தில் என் பெயர்.

திறந்தேன். மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்கள் ஏழு. ஒவ்வொரு சட்டத்திலும், கிளையில் காய் தொங்குவதுபோல், கப்பலின் துண்டுகள் காம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காம்பின் அருகிலும் பொடி எழுத்தில் ஓர் எண். கூடவே ஒரு தாளில் படங்கள், அவற்றில் அதே எண்கள். ஒன்றை எடு, இரண்டோடு ஒட்டு, மூன்றை மேலே வை. ஆங்கிலம் தெரிய வேண்டியதே இல்லை. எண் தெரிந்தால் போதும். எனக்கு எண் தெரியும்.

அப்பச்சியின் சீட்டு ஒன்றும் இருந்தது. ‘இதை நீயே கட்ட வேண்டும். ஆவணியில் அக்கா கல்யாணத்துக்கு வரும்போது முழுக் கப்பலாக நான் பார்க்க வேண்டும்.’

எனக்கென்று தனியாக அவர் எழுதிய முதல் சீட்டு அதுதான். வழக்கமாக ஆத்தாவுக்கு வரும் கடிதத்தின் கடைசி வரியில் ‘தம்பியைப் படிக்கச் சொல்லவும்’ என்று வருவதோடு சரி. ஆவணிக்குள் முழுக் கப்பல் என்று அன்றே மனதில் எழுதிக்கொண்டேன். மனதில் எழுதியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தேன்.

“அங்குட்டு வையி. பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் பூட்டுன அறையில இருக்கட்டும்” என்றார் பெரியாத்தா.

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் பெரியாத்தா.”

“ஒரு நாளு பாத்தா ஒரு துண்டு தொலையும். வாத்தியாரு என்ன கப்பல் கட்டவா சொல்லிக் குடுக்குறாரு?”

ஆத்தா சீலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஆத்தா எதற்கும் ஒன்றும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கணவன் கடல் தாண்டி இருக்கும்போது மூத்தவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசினால் அடுத்த மூன்று வருஷத்தை எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்போது எனக்கு அது புரியவில்லை. ஆத்தாமேலும் கோபம்தான் வந்தது.

இருபத்திரண்டு நாள் அறையில் இருந்தது கப்பல். பரீட்சை முடிந்த அன்று வீட்டுக்கு ஓடிவந்தேன். நான் கேட்காமலே பெரியாத்தா அறையைத் திறந்தார். முகத்தில் ஒரு பெருமை. ஒரு தூக்குவாளியை என் கையில் கொடுத்தார். உள்ளே துணியில் கட்டிய ஏழு சிறு முடிச்சுகள். ஒன்றை அவிழ்த்தேன். கொக்கிகள். இன்னொன்றில் உருண்டையானவை. இன்னொன்றில் தட்டையானவை. பளபளவென்று கழுவித் துடைத்து, உருவம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்.

“எல்லாம் காம்போட கிடந்துச்சு ராசா. நீ தனியா எம்புட்டுக் கஷ்டப்படுவேன்னு நானும் ஒங்க அக்காளும் உக்காந்து ஆஞ்சுட்டோம். ரெண்டு நாளாச்சு. கீரை ஆயிறது இதுக்குத் தேவலை.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தூணைப் பார்த்தாள்.

“காம்பெல்லாம் எங்க?”

“எந்தக் காம்பு?”

“ஆஞ்ச காம்பு! அதுலதான் நம்பர் இருந்துச்சு!”

“கீரைக் காம்பை யாராச்சும் எடுத்து வைப்பாகளா? வெந்நீர் அடுப்புல போட்டாச்சு. அன்னைக்கு ஒரு நாத்தம் நாறுச்சே, ஒனக்குத் தெரியலையா?”

தெரிந்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, என்ன நாற்றம் என்று கேட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குளித்தவன் நான்தான். என் கப்பலின் எண்களை எரித்த வெந்நீரில் குளித்திருக்கிறேன்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உடைந்த குடைக்கம்பி, தீர்ந்த தைலப் புட்டி, வந்த பார்சலின் சணல் கயிறு, எதுவும் அங்கே எறியப்பட்டதில்லை. மாடி அறையில் பதினோரு உடைந்த சுவர்க்கடிகாரங்கள் இருந்தன. எறியப்பட்டதாக எனக்குத் தெரிந்த ஒரே பொருள், எறியக்கூடாத அந்த ஏழு சட்டங்கள்தான்.

“எண்ணிப் பாரு. தொண்ணூத்தேழு. ஒண்ணு கொறைஞ்சா என்னைக் கேளு” என்றார் பெரியாத்தா.

தாளில் தொண்ணூற்றாறு என்றுதான் இருந்தது. நான் இரண்டு முறை எண்ணினேன். தொண்ணூற்றேழுதான் இருந்தது.

பசை இன்னொரு கதை. கூடவே ஒரு சிறு ட்யூபில் பசை வந்திருந்தது. அது எங்கே என்று கேட்டேன்.

“அதுவா? பினாங்குத் தைலம்னு முழங்கால்ல தடவினேன். தோலைப் பிடிச்சு இழுத்திருச்சு. கெட்டுப்போன மருந்தை அனுப்பியிருக்காக.”

மூடி போடாத ட்யூப் கல்லாகக் கிடந்தது. சைக்கிள் கடைக்குப் போய்ப் பங்ச்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்கிவந்தேன். அது ரப்பரை ஒட்டும். பிளாஸ்டிக்கை அரைமனதாக ஒட்டும். கையை எடுத்தால் நூல் நூலாக வரும், காய்ந்தால் கறுக்கும். வெள்ளைக் கப்பலில் மூட்டுக்கு மூட்டு கறுப்புத் தழும்பு.

இருந்தாலும் அந்தக் கோடை விடுமுறையில் வேறு எதையும் நான் செய்யவில்லை. தினமும் சாப்பிட்டதும் முற்றத்து வெளிச்சத்தில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, அதற்குள் துண்டுகளைப் பரப்பிக்கொள்வோம், நானும் அக்காவும். தாம்பாளத்தின் விளிம்பு இருந்ததால் ஒன்றும் உருண்டு ஓடாது. (இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, இப்போதும் ஒரு தாம்பாளம் வைத்துக்கொண்டிருக்கலாம். அறுபத்தொன்பது வயதில் பத்து வயதுப் புத்தி இல்லை.) எண் இல்லாததால் ஒவ்வொரு துண்டையும் தாளில் உள்ள படத்தின்மேல் வைத்து, திருப்பி, சாய்த்து, இதுவா அதுவா என்று பார்க்க வேண்டும். ஆய்ந்த பாவத்துக்கு அக்கா பரிகாரம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கோலக் கண். ஒரு வளைவை ஒரு முறை பார்த்தால் போதும், அதன் ஜோடியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

“இந்த ரெண்டும் ஒண்ணு இல்லடா. இது இடது காது, அது வலது காது.”

“கப்பலுக்கு ஏது காது?”

“நீயே பாத்துக்க அப்ப. நான் கண்டனூருக்குப் போனதுக்கு அப்புறம் யாரு வந்து பாத்துத் தர்றான்னு பாக்குறேன்.”

“அதான் எண்ணிக்கிட்டே இருக்கியே நாளை.”

“நீ மட்டும் எண்ணலையா அப்பச்சி வர்ற நாளை?”

இரண்டு பேரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

கப்பல் உடம்பின் இடது பாதியும் வலது பாதியும், ஐந்து தளங்களும், புகைபோக்கிகளும் சுலபமாக அமைந்தன. தொண்ணூற்றேழாவது துண்டுக்கு மட்டும் தாளில் படமே இல்லை. சிறு குச்சி. நாலு நாள் அதற்கு இடம் தேடினேன். கடைசியில் கொடிக்கம்பம் என்று முடிவு செய்து கப்பலின் பின்பக்கத்தில் ஒட்டினேன். போன மாதம் புதுப் பெட்டியைத் திறந்து சட்டங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கப்பலுக்குக் கொடிக்கம்பமே கிடையாது. நான் ஒட்டியது காம்பில் ஒரு துண்டு. கீரையோடு சேர்ந்து வந்துவிட்ட தண்டு. அதற்கு நாலு நாள்!

ஆனி மாதம் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் வந்தார். அக்காவின் சீர்ச் சாமான்களுக்கு விலாசம் வெட்ட வேண்டும். பதினாறு நாள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து சிற்றுளியும் சுத்தியுமாக டக் டக் டக் என்று புள்ளி புள்ளியாக வெட்டினார். ஒரு நாள் மத்தியானம் நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தபோது, இன்னும் ஒட்டாமல் வைத்திருந்த கப்பலின் இடது பாதி அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் பெரியாத்தா.

“ஆச்சி, இது பித்தளை இல்ல. உளி வச்சாத் தெறிச்சிரும்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பதமா வெட்டுங்க. கல்யாண வீடு. நாலு பேரு வந்து போற எடம். நாளைக்கு இது யாரு வீட்டுச் சாமான்னு கேள்வி வரக்கூடாதுல்ல.”

“கப்பலை யாரு ஆச்சி களவாங்கப்போறா?”

“கரண்டியவே களவாங்குறாக.”

நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் முதல் எழுத்து முடிந்துவிட்டது. என் சத்தத்தில் அவர் கை அதிர்ந்ததோ என்னவோ, இரண்டாம் எழுத்தின் மூன்றாம் புள்ளியில் டிக் என்று ஒரு சத்தம். முன்மூக்கிலிருந்து நடுப்பகுதிவரை மயிரிழையாக ஒரு விரிசல்.

“பாத்தீகளா, பையன் கத்தினான்” என்றார் அவர்.

“ஏண்டா கத்துனே? நல்லாத்தானே வெட்டிக்கிட்டிருந்தாரு” என்றார் பெரியாத்தா.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். ஆத்தா வந்து பக்கத்தில் நின்றார். “பெரியவுக செஞ்சா நல்லதுக்குத்தான் செய்வாக” என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் அப்பச்சியின் கடிதங்களில் கடைசி வரி மாறியிருந்தது. ‘கப்பல் எத்தனை துண்டு ஆயிற்று என்று தம்பியை எழுதச் சொல்லவும்.’ நான் எழுதினேன். முதலில் முப்பத்தொன்று. பிறகு ஐம்பத்திரண்டு. பிறகு எழுபது. எல்லாம் உண்மையான எண்ணிக்கை. ஆடி மாதக் கடைசியில் எண்பத்துமூன்றில் நின்றுவிட்டது. மீதி பதின்மூன்று. ஒன்பது படகுக் கொக்கி, நாலு காற்றுக்குழல். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், வைத்தால் எதுவும் உட்காராது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான் என்று இன்றைக்குப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன். அன்றைக்கு அக்காவின் கோலக் கண்ணுக்கும் அது எட்டவில்லை. அவளுக்கும் நேரம் இல்லை, கல்யாண வேலை கழுத்துக்கு வந்துவிட்டது.

கடைசிக் கடிதத்தில் தொண்ணூற்றாறும் ஆயிற்று என்று எழுதினேன். எழுதியபின் பொய்யை மெய்யாக்க வேண்டுமே. பதின்மூன்று துண்டையும் கப்பலின் வெற்று வயிற்றுக்குள் போட்டு, மேல்தளத்தை மூடி, சுற்றிலும் சொல்யூஷன் தடவினேன். இனி எந்தத் துண்டும் வெளியே இல்லை. யார் வந்து எண்ணினாலும் மிச்சம் என்று ஒன்றும் கிடைக்காது. பெரியாத்தாளின் வீட்டில் வளர்ந்தவன் வேறு எப்படி யோசிப்பான்?

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு அப்பச்சி வந்தார். நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் வந்து, வண்டியிலிருந்து இறங்கியவரைப் பார்த்தபோது, நான் நினைத்து வைத்திருந்ததைவிட உயரம் குறைவாக இருந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கல்யாணம் முடியும்வரை என்னால் அவரிடம் போகவே முடியவில்லை. போக முடியாமல் இருந்ததில் பாதி நிம்மதியும் இருந்தது.

அதற்குள் பெரியாத்தா என்ன செய்தார் தெரியுமா? சீர்ச் சாமான்களை உறவினர் வந்து பார்ப்பதற்காகக் கூடத்தில் வரிசை வரிசையாகப் பரப்பி வைப்பது எங்கள் வழக்கம். அந்த வரிசையில், வெள்ளிக் குத்துவிளக்குக்கும் எவர்சில்வர் அடுக்குக்கும் நடுவில், என் கப்பலைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ‘அப்பச்சி அனுப்பியது’ என்பது அவர் நியாயம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் கைத்தடியால் அதைச் சுட்டிக்காட்டி, “கப்பலும் குடுக்குறாகளா? கண்டனூர் ஊருணியில தண்ணி இருக்கான்னு பாத்துக்கங்கப்பா” என்றார். கூடமே சிரித்தது. சாமான்களைக் கட்டும்போது அக்காதான் அதை எடுத்து ஒளித்து என்னிடம் கொடுத்தாள்.

கல்யாணம் முடிந்து அக்கா கண்டனூர் போன மறுநாள் காலை, வீடு காலியாகக் கிடந்தது. நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்கடா கப்பலு?”

கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில் பார்த்தார், முன்னால் பார்த்தார், தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். திருப்பியபோது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

“உள்ள என்னடா?”

“ஆளுக” என்றேன். எங்கிருந்து அந்தச் சொல் வந்ததோ தெரியாது.

“எத்தனை பேரு?”

“பதிமூணு.”

அவர் மறுபடி ஆட்டினார். காதருகே வைத்துக் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அம்புட்டுத்தானா? நாங்க எண்ணூறு பேரு போனோம். கடல் பொங்குச்சுன்னா இப்பிடித்தான். அடித்தளத்துல பெட்டியும் ஆளுமா இங்குட்டும் அங்குட்டும் உருளுவோம்.” கப்பலின் அடிப்பகுதியில் விரலை வைத்தார். “இங்கனதான் படுத்திருப்பேன். சன்னல் கிடையாது. இதுவரைக்கும் எட்டுத் தடவை கடலைத் தாண்டியிருக்கேன். இருட்டுல ஏத்துவான், கூட்டத்துல இறக்குவான். நான் போன கப்பல முழுசா ஒரு தடவைகூடப் பாத்தது இல்லடா. இது அதே ஜாடைன்னு கடைக்காரன் சொன்னான்.”

விரிசலைத் தடவினார். பாதியில் நின்ற விலாசத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணி வேலையா?” என்றார். தலையாட்டினேன். பின்பக்கத்துக் குச்சியைத் தொட்டு, “இது?” என்றார். “கொடிக்கம்பம்.” “ஓ” என்றார்.

அவர் திரும்பிப் போகும் நாளும் வந்தது. இம்முறை நாற்பத்தாறு நாள் இருந்தார். பலகாரத் தகரங்களைக் கட்டி முகப்பில் வைத்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்.

“அந்தக் கப்பலைக் குடு. நான் எடுத்துக்கிட்டுப் போறேன். கடையில என் பெட்டி மேல வச்சுக்கிறேன்.”

எனக்கு என்ன சந்தோஷம் வந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். அதற்குப் பதிலாக எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பினாங்கில் யாராவது திறந்து எண்ணிவிடுவார்கள் என்று தோன்றியது.

“இது முழுசு இல்ல அப்பச்சி.”

“தெரியும்.”

“பதிமூணு துண்டு உள்ள கிடக்கு. ஒட்டல.”

“கிடக்கட்டும்.”

“முழுக் கப்பல்னு எழுதுனீக.”

“நீ தொண்ணூத்தாறுன்னு எழுதுனே. ரெண்டும் சரியாப் போச்சு. குடுடா, வண்டி நிக்குது.”

“குறைச் சாமானை யாராச்சும் குடுத்து விடுவாகளா?” என்றேன். பெரியாத்தாளின் வாக்கியம், பெரியாத்தாளின் குரல். “அடுத்த தடவை வரும்போது முழுசாக் கட்டித் தர்றேன்.”

நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றார். பெரியாத்தா உள்ளிருந்து, “சரியாத்தான் சொல்றான், குறைய எதுக்குக் கொண்டுபோகணும்” என்றார். அப்பச்சி கையை எடுத்துக்கொண்டார்.

“சரி” என்றார்.

இவ்வளவு நேரம் பெரியாத்தாளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காம்பை ஆய்ந்தது அவர், பசையை முழங்காலில் தடவியது அவர், விலாசம் வெட்டச் சொன்னது அவர். எல்லாம் உண்மை. ஆனால் கேட்ட கப்பலைக் கொடுக்காதது அவர் இல்லை.

பதின்மூன்று துண்டை வெளியே எடுக்க மேல்தளத்தைப் பெயர்த்தால் போதும். அன்று மாலையே செய்கிறேன் என்று நினைத்தேன். பிறகு அரையாண்டு விடுமுறையில். பிறகு முழு ஆண்டு விடுமுறையில். அதற்குள் உயர்நிலைப் பள்ளி, கிரிக்கெட் மட்டை, சைக்கிள் பழகுவது. கப்பல் அலமாரிக்கு மேலே ஏறியது. தூசி படிந்தது. கொடிக்கம்பம் எப்போதோ விழுந்தது.

மூன்று வருஷம் கழித்து அப்பச்சி வந்தார். இம்முறை விமானத்தில். கப்பலில் ஏழு நாள் எடுத்ததை ஒரே பகலில் வந்துவிட்டேன் என்றார். அதனாலேயே விடுமுறையும் குறைந்துவிட்டதாம். வந்த இரண்டாம் நாள், அலமாரிமேல் இருந்த கப்பலை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் தூசியைத் துடைத்தார். உள்ளே சத்தம் கேட்டது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். நான் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாள் இருந்தார். ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் ‘இன்னும் முடியல அப்பச்சி’ என்று சொல்லத் தயாராக வைத்துக்கொண்டு, பன்னிரண்டு நாளும் அவர் பக்கம் போகாமல் இருந்தேன்.